பாமாயிலால் புற்றுநோய் வருமா?

காசிமேட்டில் பொழுது சாய்ந்தால் வறுத்த மீன் வாசனை தெருவைத் தூக்கும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து ஏழைத் தொழிலாளர் வீடுகளில் பொரிக்கவும் தாளிக்கவும் கைகொடுப்பது ரேஷன் கடைப் பாமாயில். அது புற்றுநோயைக் கொண்டுவருமா? இல்லத்தரசிகளைக் கலங்க வைக்கும் கேள்வி இது.

"வரும்" என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் ஏற்கெனவே வந்துவிட்ட புற்றுநோய் உடம்பில் பரவுவதற்கு அந்த எண்ணெய் துணைபோகலாம் என்று ஓர் ஆராய்ச்சி சொல்கிறது.

ஸ்பெயின் தேசத்துப் பார்சலோனா நகரில் சால்வடோர் அஸ்னார் பெனிடா என்ற விஞ்ஞானியும் அவரது குழுவினரும் 2021-ல் அதை வெளியிட்டார்கள். பாமாயிலில் ஏறக்குறைய 40 சதவிகிதம் பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு. மனிதரின் வாய்ப் புற்றுநோய் உயிரணுக்களுக்கு அதை ஊட்டி, சுண்டெலிகளின் உடம்பில் செலுத்தினார்கள். நோய் மற்ற உறுப்புகளுக்கு அதிகமாகப் பரவியது! பாமாயில் ஆகாரம் தின்ற எலிகளிடமும் இதே கதைதான். பிறகு அந்த ஆகாரத்தை நிறுத்தியும் பரவும் குணம் போகவில்லை. தின்ற கொழுப்பை அந்த உயிரணுக்கள் ஞாபகம் வைத்திருந்தன.

கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் மிகுந்திருப்பவை ஒலிக், லினோலிக் என்ற அமிலங்கள். அவை இந்த வேலையைச் செய்யவில்லை. அதற்காக நல்லெண்ணெயைக் குடம் குடமாக ஊற்ற வேண்டாம். லினோலிக் அமிலம் மிகுந்த தீனி தின்ற எலிகளுக்கு ஒருவகை மார்புப் புற்று வேகமாக வளர்ந்ததாக 2025-ல் நியூயார்க் விஞ்ஞானிகள் தெரிவித்தார்கள்.

எலி வேறு, மனிதர் வேறு. அமெரிக்காவில் 48,835 பெண்களைச் சுமார் 8 வருஷம் கவனித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கொழுப்பைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். முடிவு 2006-ல் வெளிவந்தது. அவர்களிடம் மார்புப் புற்று சற்றே குறைவு. ஆனால் தற்செயல் என்று சொல்லிவிடக்கூடிய அளவுக்குத்தான் வித்தியாசம்.

வாய்ப் புற்றுக்குப் பெரிய காரணம் புகையிலையும் பாக்கும். கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு பாமாயிலைக் கண்டு நடுங்குகிறவர், திருடனை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டுகிறவர்!

பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவது தனிக் கேடு. காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் சிதைகிறது. சிதைந்த பொருள் 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் விதி. வீட்டில் அளக்கக் கருவி ஏது? கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்தால் கொட்டிவிடலாம்.

வாயில் புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், எண்ணெயை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அடையாறில் இருக்கிறது.