இருமும்போது கை எங்கே போகிறது?

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளிகள் கூடும் டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் ஒன்றைக் கவனிக்கலாம். இருமல் வந்ததும் பெரியவர் ஒருவரின் கை வாய்க்குப் போகாது. வேட்டிக்கு மேலாகத் தொடை இடுக்கை அழுத்திக்கொள்ளும். இருமி முடித்ததும் கை விலகும், பேச்சு விட்ட இடத்தில் தொடரும். கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, வாயு" என்பார்.

பெரும்பாலும் அது வாயு அல்ல, குடலிறக்கம். அடிவயிற்றுத் தசை பலவீனமான இடத்தில் குடலோ கொழுப்போ பிதுங்கி வருவது. நின்றால், முக்கினால், பாரம் தூக்கினால் புடைக்கும். படுத்தால் உள்ளே போய்விடும். அதனால்தான் படுக்க வைத்து மட்டும் பார்த்தால் தப்பிவிடும். நிற்க வைத்து, இருமச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

தங்கவயலுக்கு இருமல் புதிதல்ல. இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். பாறையைத் துளைத்த தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் ஆனது. 1940 முதல் 1946 வரை இங்கே 7,653 தொழிலாளிகளைச் சோதித்ததில் 43.7 சதவீதம் பேருக்கு அந்த நோய் இருந்தது. சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடிவிட்டார்கள். உள்ளே போன தூசி வெளியே வருவதில்லை. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றும். வருடக்கணக்கில் இருமும்போது ஒவ்வொரு இருமலும் அடிவயிற்றை உள்ளிருந்து இடிக்கிறது.

மெடிக்கல் ஷாப்பில் பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு பத்து வருடம் ஓட்டுகிறவர்கள் உண்டு. பெல்ட் தாங்கிப் பிடிக்குமே தவிர, ஓட்டையை அடைக்காது. அதற்கு அறுவை சிகிச்சைதான். வழக்கமாக உள்ளே போகும் புடைப்பு ஒருநாள் போகாமல் கல்லாக இறுகி, வலி கூடி, வாந்தி வந்து, மலமும் காற்றும் நின்றுவிட்டால் குடல் சிக்கி ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள். அமுக்கித் தள்ளிப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நடுராத்திரியானாலும். பெண்களுக்குக் குடலிறக்கம் குறைவு. ஆனால் தொடையை ஒட்டி வரும் வகை அவர்களுக்கே அதிகம், எளிதில் சிக்குவதும் அதுதான்.

பெரியவர்களைவிடப் பையன்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. பதின்வயதுப் பையனுக்குத் திடீரென விதைப்பையில் வலி வரும், கூடவே குமட்டல். விதை முறுக்கிக்கொண்டால் ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும்; தாமதித்தால் விதையே போய்விடலாம். அம்மாவிடம் சொல்லக் கூச்சப்பட்டு "வயித்து வலி" என்று போர்த்திக்கொண்டு படுத்தால் அந்த நேரம் கரைந்துபோகும். வயிற்று வலி என்று சொல்லும் பையனிடம் கீழேயும் வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வலிக்கிற இடத்திலேயே நோய் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. விலாவின் பின்புறம் பிடித்து இடுக்குக்கு இறங்கும் வலி கல்லடைப்பாக இருக்கலாம். கூடவே குளிர்காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது. இடுப்பு மூட்டு தேய்ந்தாலும் வலி தொடை இடுக்கில்தான் தெரியும். பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுக்கு வலிக்கிறது, காலை ஊன்ற முடியவில்லை என்றால் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவாதீர்கள். எலும்பு முறிந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கர்ப்பம் தரித்திருக்கக்கூடிய பெண்ணுக்கு ஒருபக்க அடிவயிற்று வலியோடு மயக்கம் வந்தால் அதுவும் அவசரம்.

காலில் புண் இருந்து இடுக்கில் நெறி கட்டினால் பெரும்பாலும் புண் ஆறியதும் வடியும். 1898-ல் பெங்களூரில் பிளேக் பரவியபோது இடுக்கில் நெறி கட்டினாலே ஊர் நடுங்கியது. இன்று அந்தப் பயம் வேண்டாம். ஆனால் வாரங்கள் கடந்தும் கரையாமல் வளர்கிற கட்டியைக் காட்டிவிட வேண்டும்.

பெரியவர் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ள முன்வந்தால், முதலில் இருமலுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தைத்த இடத்திலும் அதே இடி விழும். சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் எளிதில் தொற்றுவதால் சளிப் பரிசோதனையும் தேவை. டிரங்குப் பெட்டியில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் கிடந்தால் எடுத்துப் போங்கள். எத்தனை வருடம் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தார் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.