ஆற்காட்டுக்காரர் திருத்திய கருவிகள்

இந்தியாவை அளந்த மாபெரும் சர்வேயில் அதிகாரிகளின் பெயர்கள் நிலைத்தன. கருவிகளைக் காப்பாற்றியவர்கள் பின்னுக்குப் போனார்கள்.

தஞ்சாவூர் பெரிய கோயில், 1808. சுமார் அரை டன் எடையுள்ள ஒரு கருவியைக் கயிறு கட்டி கோபுரத்தின் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திடீரெனக் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. அதன் உயிர்நாடியான வட்டத் தட்டு நெளிந்துபோனது.

அது லண்டனில் வில்லியம் கேரி செய்த பெரிய தியோடலைட், அதாவது கோணங்களை அளக்கும் கருவி. இந்தியாவுக்கு வரும் வழியிலேயே அதற்குச் சோதனை வந்தது. அதை ஏற்றி வந்த கப்பலை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த கவர்னர் பெருந்தன்மையோடு கருவியைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். 1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய சர்வே இந்தக் கருவியை நம்பித்தான் நடந்தது.

சர்வே முறை கேட்பதற்கு எளிது. ஒரே ஒரு கோட்டின் நீளத்தைத் துல்லியமாக அளந்துவிட்டால் போதும். அதன் பிறகு கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாடு முழுவதையும் அளந்துவிடலாம். ஆனால் கோணம் பிசகினால் எல்லாமே பிசகும்.

புதுக் கருவி வேண்டுமானால் லண்டனுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். லாம்டன் அதற்குத் தயாராக இல்லை. உடைந்த கருவியுடன் கூடாரத்துக்குள் புகுந்தார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை. பெரிய பலகை ஒன்றில் சரியான அளவில் வட்டம் அமைத்து, ஆப்பு, திருகு, கப்பி கொண்டு நெளிந்த தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். இதற்கு ஆறு வாரங்கள் பிடித்தன. கருவியைக் காப்பாற்றிய பெருமை லாம்டனுக்குப் போனது. கூடாரத்துக்குள் இருந்த கைவினைஞர்கள் பெயரில்லாமலே போனார்கள்.

மயிரிழையிலும் மெல்லிய கணக்கு

அந்த வேலை எவ்வளவு நுட்பமானது? வட்டத் தட்டின் விட்டம் 36 அங்குலம். அதன் விளிம்பில் டிகிரிகளும் அவற்றின் பகுதிகளும் கோடுகளாகக் கீறப்பட்டிருக்கும். ஒரு டிகிரியை 3,600-ஆகப் பிரித்தால் வருவது ஒரு விநாடி. அந்த விளிம்பில் ஒரு விநாடியின் அகலம், ஒரு மில்லிமீட்டரில் சுமார் 450-ல் ஒரு பங்குதான். ஐந்து விநாடி தவறினால் 40 கி.மீ. தொலைவில் ஏறக்குறைய ஒரு மீட்டர் தவறும்.

1823-ல் லாம்டன் இறந்தபோது பொறுப்பு ஜார்ஜ் எவரெஸ்டிடம் வந்தது. அதற்குள் கேரியின் தியோடலைட் தேய்ந்து களைத்திருந்தது. இங்கிலாந்து போன எவரெஸ்ட், 1830-ல் டிராட்டன் அண்ட் சிம்ஸ் கம்பெனியின் புதிய கருவிகளோடு திரும்பினார். உடன் ஹென்றி பேரோ என்ற கருவி நிபுணரும் வந்தார். பழைய தியோடலைட்டை பேரோ புதுப்பித்தார்.

கல்கத்தாவில் அப்போது இன்னொருவரும் இருந்தார். ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் உசேன். சென்னையில் ஒரு நகைக்கடையில் வேலை பார்த்தவர். 1824-ல் சர்வே அலுவலகத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தார். பொன்னில் பழகிய கைக்குப் பித்தளையும் வசப்பட்டது. எவரெஸ்ட் லேசில் யாரையும் பாராட்டாதவர். சக வெள்ளை அதிகாரிகளே அவருடைய கடிதங்களுக்குப் பயந்தார்கள். அப்படிப்பட்டவர் மொஹ்சினின் திறமையை மனம் திறந்து புகழ்ந்தார்.

எவரெஸ்டுக்கும் பேரோவுக்கும் ஒத்துப்போகவில்லை. 1839-ல் பேரோ விலக, அவருடைய வேலை மொஹ்சின் தலையில் விழுந்தது. அந்தப் பதவி அவ்வளவு சுலபமாக வரவில்லை. எவரெஸ்ட் பரிந்துரைத்து, 1840-களில்தான் கம்பெனி அவரைக் கணிதக் கருவி நிபுணராக ஏற்றுக்கொண்டது. சம்பளம் மட்டும் பேரோ வாங்கியதைவிடக் குறைவு.

உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு 1865-ல் எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது. அதன் உயரத்தைக் கணக்கிட்ட வங்காளி ராதாநாத் சிக்தாருக்கும், திபெத்தை ரகசியமாக அளந்த நைன் சிங்குக்கும் 2004-ல் தபால்தலை வெளியானது. மொஹ்சினுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. கணக்குப் போட்டவருக்கும் நடந்து அளந்தவருக்கும் தாமதமாகவாவது மரியாதை வந்தது. கருவியைச் சீர்செய்தவர் மட்டும் சர்வே ஆவணங்களோடு நின்றுவிட்டார்.

இது ஒரு தனிமனிதரின் கதை மட்டுமல்ல. 1830-ல் கல்கத்தாவில் பிறந்த கணிதக் கருவிகள் அலுவலகம், சுதந்திரத்துக்குப் பின் 1957-ல் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் லிமிடெட் என்ற அரசு நிறுவனமானது. சர்வே கருவிகளோடு 'நேஷனல் 35' என்ற கேமராவும் அங்கே தயாரானது. பிறகு நஷ்டத்தில் நொடித்து, 2009-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது. வெளியிலிருந்து வாங்கிய கருவியைத் திருத்தக் கற்று, பிறகு தானே செய்யவும் கற்ற ஒரு பரம்பரை அத்தோடு கலைந்தது.

பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி, தஞ்சையில் அடிபட்டு, இருமுறை மறுபிறவி எடுத்த கேரியின் தியோடலைட், டேராடூனில் இந்திய சர்வே துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதைச் செய்த லண்டன்காரரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அடிபட்ட கருவியை இந்த மண்ணிலேயே மறுபடி அளக்க வைத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.