மருந்தில்லாத 27 மாதங்கள்

பெர்லின் நோயாளி திமோத்தி ரே பிரவுனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது, அபூர்வக் கொடையாளரின் ஸ்டெம் செல் கிடைத்தது, அதனால் எச்.ஐ.வி.யும் போனது என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரக் கதை வழக்கமான மருந்துகளால் நடந்தது.

2010 ஜூலை, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம். பிரசவத்துக்கு வந்தபோதுதான் அந்தத் தாய்க்கு எச்.ஐ.வி. இருப்பதே தெரிந்தது. கர்ப்பகாலத்தில் அவர் ஒரு வேளை மருந்துகூடச் சாப்பிட்டதில்லை. குழந்தை குறைமாதம். ஜாக்சன் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் அதைப் பார்த்தவர் டாக்டர் ஹன்னா கே. இப்படிப் பிறக்கும் குழந்தைக்குத் தொற்று உறுதியாகும்வரை தடுப்பு அளவில் ஓரிரு மருந்துகள் கொடுப்பதுதான் அப்போதைய வழக்கம். ஹன்னா கே ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. பிறந்த 30 மணி நேரத்தில் மூன்று மருந்துகளை முழுச் சிகிச்சை அளவிலேயே ஆரம்பித்துவிட்டார். பிறகு தொற்று உறுதியானது. 29-வது நாளில் ரத்தப் பரிசோதனையில் வைரஸ் தென்படவில்லை.

18 மாதம்வரை மருந்து ஓடியது. அப்புறம் தாயும் பிள்ளையும் வரவில்லை. சில மாதங்கள் கழித்து வந்தபோது, மருந்து எப்போதோ நின்றிருந்தது. பொதுவாக மருந்தை நிறுத்திய சில வாரங்களில் வைரஸ் பெருகிவிடும். இங்கே வைரஸையும் காணோம், அதற்கெதிரான ஆன்டிபாடியையும் காணோம். தொற்றே இல்லாத குழந்தைக்கா இத்தனை நாள் மருந்து கொடுத்தோம் என்று ஹன்னா கே பதறிப்போனார். பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினால், முதல் வாரங்களில் எல்லாமே பாசிட்டிவ்.

2013 மார்ச்சில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர் டெபோரா பெர்சாட் இதை அட்லாண்டா மாநாட்டில் அறிவித்ததும், உலகப் பத்திரிகைகள் ‘குணமாயிற்று’ என்று கொட்டை எழுத்தில் போட்டன. ஆறப் போட்டிருக்கலாம்.

எச்.ஐ.வி. தன் மரபணுவை நம் நோய் எதிர்ப்புச் செல்களான சிடி4 செல்களின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடும். அவற்றில் சில செல்கள் ஆண்டுக்கணக்கில் உறங்கும். பெருகும் வைரஸை மருந்து தடுக்கும். உறங்குவதை அதனால் தொட முடியாது. மிசிசிப்பி குழந்தையிடம் இந்தப் பதுங்கிடம் உருவாகுமுன்பே மருந்து முந்திக்கொண்டது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. முழுதாக முந்தவில்லை. 2014 ஜூலையில், மருந்தில்லாமல் 27 மாதங்கள் கழிந்தபின், ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 16,750 வைரஸ் பிரதிகள் இருந்தன. புதுத் தொற்றோ என்று பார்த்தார்கள். மரபணு வரிசை தாயின் வைரஸோடு ஒத்துப்போனது.

ஆனாலும் 27 மாதங்கள்! பிறந்ததுமே மருந்து தொடங்கும் இந்த உத்தியைத் திட்டமிட்டுச் சோதித்ததுதான் பி1115 ஆய்வு. பிறந்த 48 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கிய ஆறு குழந்தைகளுக்கு, ஐந்து வயதையொட்டி, கடுமையான கண்காணிப்பில் அதை நிறுத்தினார்கள். (வீட்டில் யாரும் செய்துபார்க்கும் காரியமல்ல.) 2024-இல் முடிவு வெளியானது. இருவருக்கு 3, 8 வாரங்களில் வைரஸ் திரும்பியது. நான்கு பேர் 48 வாரங்களைத் தாண்டினார்கள். அவர்களில் ஒருவருக்கு 80-வது வாரத்தில் வந்தது. வைரஸ் வந்த மூவருக்கும் உடனே மருந்தைத் தொடங்கி அடக்கிவிட்டார்கள்.

பெரியவர்களிலும் இப்படி மருந்தில்லாமல் சமாளித்தவர்கள் உண்டு. பிரான்ஸில் அப்படிச் சமாளித்த 14 பேரை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)