கழிதாளும் கைந்நூலும்

நூல் வெளியிடுதல் என்றதும் பேரச்சகமும் பெருஞ்செலவுமே நினைவுக்கு வருகின்றன. அவ்வச்சத்தினாலேயே, நயினாதீவில் முதியோர் பழைய கொப்பிகளில் எழுதி வைத்த ஊஞ்சற் பாக்களும் ஊர்க்குறிப்புகளும் அச்சேறாது கறையானுக்கு இரையாகின்றன. கழிபொருள் கொண்டு கையாலே நூல் செய்யும் முறையொன்று உண்டு. அதனை ஈண்டு விளக்குவாம்.

2001ஆம் ஆண்டு ஆர்ஜென்டீனா நாடு பெரும் பொருள் நெருக்கடியுள் வீழ்ந்தது. வேலையிழந்த பலர் தெருக்களில் மட்டைப்பெட்டி பொறுக்கி விற்றுப் பிழைத்தனர். 2003இல் புவனோஸ் ஐரிஸ் நகரில் எழுந்த எலோயிசா கார்ட்டோனேரா என்னும் சிறு பதிப்பகம், அம்மட்டையைச் சந்தை விலைக்கு மேலாகக் கொடுத்து வாங்கி, வெட்டி, கையால் வண்ணந்தீட்டி நூலுக்கு அட்டையாக்கியது. உள்ளே இருப்பன நிழற்பிரதித் தாள்களே. இம்முறை விரைவில் பெரு முதலிய அயல்நாடுகளிலும் பரவிற்று. சென்னையில் 1994இல் தொடங்கிய தாரா பதிப்பகமோ, பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்த கைத்தாளில் நூல்களை அச்சிட்டு உலகப் புகழ் பெற்றது.

எமக்கும் இது புதிதன்று. பனையோலையை வாரி, துளையிட்டு, கயிறு கோத்து, சட்டமிட்டு ஏடு செய்தவர் எம் முன்னோர். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் அச்சுத்தாள் அரிதானபோது, யாழ்ப்பாண நாளிதழ்கள் பாடசாலைக் கொப்பிகளுக்குரிய கோடிட்ட தாளிலும் வெளிவந்தமையை அன்பர்கள் மறந்திரார்.

செய்முறை எளிது. ஒருபுறம் வெறுமையான பழந்தாள்களை நான்கு நான்காக அடுக்கி நடுவே மடித்தால், ஒவ்வோர் அடுக்கும் எட்டு இதழாகும். மடிப்பிலே ஐந்து துளையிட்டு, மெழுகு பூசிய நூலால் அடுக்குகளை ஒன்றோடொன்று தைத்தல் வேண்டும். முதுகிலே துணி ஒட்டி, கடைப்பெட்டி மட்டையை அட்டையாக்கலாம். ஒட்டுதற்குக் கோதுமை மாப்பசை போதும். பூச்சி அரியாதிருக்கச் சிறிது துருசு கலப்பது பழைய நூல்கட்டுநர் வழக்கம். துருசு நஞ்சாதலின் மாணவர் அதனைத் தொடலாகாது.

குறையொன்றும் உண்டு. மலிவுத் தாளிலுள்ள அமிலத்தன்மையால் அது காலப்போக்கிற் பழுத்து நொறுங்கும். ஆதலின் ஒரு படியோடு அமைதல் கூடாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களோடு கிடைத்தற்கரிய சுவடிகளும் அழிந்தன. ஓரிடத்தில் ஒரே படியாய் இருந்தது மீளாது. ஐம்பது வீடுகளில் ஐம்பது படியாய் இருப்பது எளிதில் அழியாது. தைக்குமுன் மின்வருடிப் படியொன்றை நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கு அனுப்புதலும் நன்று.

விழாக் காணும் இவ்வாண்டில் பழைய மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து ஒரு கொப்பியையேனும் தருவாராக. தாளும் மட்டையும் மாணவர் சேர்ப்பர். ஊசியும் நூலும் யாம் தருவோம்.