விதூஷகன் ஏறிய சிம்மாசனம்

அரசவையிலே அரசனைப் பார்த்து நகைப்பதற்கு உரிமை பெற்றவன் ஒருவனே, அவன்தான் விதூஷகன். அமைச்சன் சொன்னால் தலை போகும்; புலவன் சொன்னாற் பரிசில் போகும்; அதே சொல்லை விதூஷகன் சொன்னால் அவை சிரிக்கும், அரசனும் உடன் சிரிப்பான். வடமொழி நாடகங்களிலும், நம்மவர் கூத்துக்களில் வரும் கோமாளியிடத்தும், தெனாலிராமன் பேரால் வழங்கும் கதைகளிலும் இவ்வுரிமையை நாம் காண்கின்றோம். ஆனால், இவ்வுரிமைக்கு ஒரு விலையும் இருந்தது. விதூஷகனுக்கு ஆட்சியிற் பங்கில்லை. அவன் சொல்லை நம்பி எந்தப் படையும் நகராது. எந்த வரியும் ஏறாது. பொறுப்பில்லாமையே அவனுடைய சுதந்திரத்தின் அடிப்படை.

இந்த எல்லைக்கோடு எமது காலத்திலே அழிந்துவருகின்றது. 2010ஆம் ஆண்டுக்கும் 2019ஆம் ஆண்டுக்கும் இடையில் ஐரோப்பாவின் மூன்று நாடுகளிலே, மக்களைச் சிரிக்கவைப்பதையே தொழிலாகக் கொண்ட மூவர் அரசியலின் உச்சிப்படிகளை அடைந்தனர். ஒருவர் தலைநகரொன்றின் முதல்வரானார், ஒருவர் நாட்டின் பெருங்கட்சியொன்றைத் தோற்றுவித்தார், ஒருவர் ஜனாதிபதியானார். மூவருக்கும் இணையம் ஏணியாயிற்று. அந்த ஏணி எப்படிப்பட்டது, ஏறியபின் அவர்கள் கண்டது யாது என்பவற்றை நோக்குவது, இணையத்தின் கேலியும் அரசியலின் வினையும் பிரித்தறிய முடியாதவாறு கலந்துவிட்ட இந்நாளிலே பயனுடையதாகும்.

வெண்கரடி வாக்குறுதி

ஐஸ்லாந்து ஏறத்தாழ மூன்றேகால் லட்சம் மக்களைக் கொண்டிருந்த சிறு தீவு. 2008ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே அந்நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்துள் வீழ்ந்தன. மக்கள் சட்டிபானைகளைத் தட்டிக்கொண்டு பாராளுமன்றத்தின் முன் கூடினர். அரசியல்வாதிகளின் சொல்லுக்கு மதிப்பில்லாது போன அந்த வேளையிலே, பெற்றோல் நிலையமொன்றின் இராப்பணியாளரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரிலே நடித்துப் புகழ்பெற்றிருந்த யோன் ஞார் என்னும் நகைச்சுவை நடிகர், ‘மிகச் சிறந்த கட்சி’ என்ற பெயரிலே கட்சியொன்றை அமைத்தார்.

கட்சியின் பெயரே கேலி. அதன் வாக்குறுதிகளோ பெருங் கேலி. நகர நீச்சற் குளங்களிலே எல்லாருக்கும் இலவசத் துவாய் தரப்படும். மிருகக் காட்சிச்சாலைக்கு வெண்கரடியொன்று கொண்டுவரப்படும். 2020ஆம் ஆண்டளவில் போதைவஸ்து அற்ற பாராளுமன்றம் உருவாகும். இவற்றை நிறைவேற்றப் போவதில்லை என்பதையும் அவர்கள் ஒளிக்கவில்லை. மற்றக் கட்சிகள் சொல்லாமற் செய்ததை இக்கட்சி சொல்லிச் செய்தது என்பதே வேறுபாடு. கட்சியின் பிரசாரப் பாட்டு இணையத்திலே வீடுவீடாகப் பரவியது. 2010ஆம் ஆண்டு மே மாதம் நடைபெற்ற தேர்தலிலே, ரேக்யவிக் நகரசபையின் 15 ஆசனங்களில் 6ஐ அக்கட்சி வென்றது. ஞார் மாநகர முதல்வரானார்.

அதன்பின் நிகழ்ந்ததே கவனத்துக்குரியது. நகரத்துக்குச் சொந்தமான மின்வலு, வெந்நீர் நிறுவனம் கடனில் மூழ்கிக் கிடந்தது. அதை மீட்பதற்காகக் கட்டணத்தை உயர்த்தவும் ஆட்குறைப்புச் செய்யவும் வேண்டியிருந்தது. பாடசாலைகளை இணைக்கும் திட்டத்தினாற் பெற்றோரின் வெறுப்பையும் தேடிக்கொள்ள நேர்ந்தது. வெண்கரடி வரவில்லை, கட்டணச் சீட்டுத்தான் வந்தது. எனினும் ஞார் நான்கு ஆண்டுகளும் பதவியிலிருந்து, 2014இலே மீண்டும் போட்டியிடாது விலகினார். நகைக்க வந்தவர் கணக்குப் புத்தகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார். படித்து முடித்ததும் எழுந்து சென்றார். மூவருள்ளே இவரே எளிதில் மீண்டவர். பத்தாண்டுகள் கழித்து, 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, வேறொரு கட்சியின் சார்பிற் பாராளுமன்ற உறுப்பினராக அவர் தெரிவுசெய்யப்பட்டமை, அவர் கற்ற பாடம் வீண்போகவில்லை என்பதைக் காட்டும்.

சுத்தியலும் கணினியும்

இத்தாலியின் பெப்பே கிரில்லோ 1948ஆம் ஆண்டிலே பிறந்தவர், ஜெனோவா நகரத்தவர். 1986ஆம் ஆண்டிலே, அரசாங்கத் தொலைக்காட்சியில் ஒரு பகிடி சொன்னார். அப்போது பிரதம மந்திரியாயிருந்தவர் சோசலிஸ்ட் கட்சித் தலைவர் பெட்டினோ கிராக்ஸி. அவருடைய குழு சீனாவுக்குச் சென்றபோது, ‘இங்கே எல்லாரும் சோசலிஸ்டுகளென்றால் யாரிடமிருந்து திருடுவார்கள்?’ என்று குழுவிலொருவர் ஐயுற்றதாக அப்பகிடி அமைந்தது. அவை சிரித்தது, கிரில்லோவுக்குத் தொலைக்காட்சியின் கதவு சாத்தப்பட்டது. 1992இல் வெடித்த இலஞ்ச விசாரணைகள் கிராக்ஸியை நாட்டைவிட்டே ஓடச் செய்தபோது, அப்பகிடி ஒரு சாட்சியம் போலாயிற்று.

தொலைக்காட்சியை இழந்தவர் மேடைகளிலே நடித்தார். 2000ஆம் ஆண்டளவிலே, தம் காட்சிகளின்போது சுத்தியலாற் கணினியை உடைத்துக் காட்டியவர் இவர். அவரே ஐந்தாண்டு கழித்து, 2005 ஜனவரியிலே, ஜான்ரொபேர்த்தோ கசலெஜ்ஜோ என்பவரின் துணையோடு தமக்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கினார். பத்திராதிபர் இல்லை; தணிக்கையாளர் இல்லை; நிலைய அதிகாரி இல்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே நின்ற சுவரனைத்தும் ஒருங்கே வீழ்ந்தன. 2009 ஒக்டோபரிலே ‘ஐந்து நட்சத்திர இயக்கம்’ பிறந்தது. 2013ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே, முதன்முறையாகப் போட்டியிட்ட அவ்வியக்கம் நான்கிலொரு பங்கு வாக்குகளைப் பெற்றது. 2018இலே ஒரு கோடியே ஏழு லட்சம் வாக்குகளோடு நாட்டின் முதற் கட்சியாகி ஆட்சியமைத்தது.

பிரதிநிதிகளை நம்பாது மக்களே நேரே தீர்மானிக்கவேண்டும் என்பது இயக்கத்தின் கொள்கை. அதற்கெனத் தத்துவஞானி ரூசோவின் பெயரையே சூட்டி 2016இலே இணைய வாக்களிப்பு மேடையொன்றை அமைத்தனர். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2019 செப்டெம்பரிலே, நேற்றுவரை தூற்றிய ஜனநாயகக் கட்சியோடு கூட்டாட்சி அமைக்கலாமா என்ற வினா எழுந்தபோது, இணையத்தில் வாக்களித்தவர் ஏறத்தாழ 79,000 பேர். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் தந்த ஆணையின் பொருளை, அவர்களுள் நூற்றுக்கு ஒருவரும் ஆகாத சிறு கூட்டம் எழுதியது. வாயிற்காவலரை அகற்றிய இடத்தில் மக்கள் வந்துவிடவில்லை. விழித்திருந்து விசையை அழுத்தத் தெரிந்த சிலரே வந்தனர்.

இயக்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நீதியாகாது. இத்தாலியப் பாராளுமன்ற உறுப்பினர் தொகையை 945இலிருந்து 600 ஆகக் குறைத்த சீர்திருத்தம் அவர்களுடைய முயற்சி. 2020ஆம் ஆண்டுச் சர்வசன வாக்கெடுப்பிலே மக்கள் அதனை ஏற்றனர். வறியோருக்கான மாதாந்த உதவிப்பணத்தையும் அவர்கள் 2019இலே கொண்டுவந்தனர். பின்வந்த அரசாங்கம் அதனை நீக்கிவிட்டது.

கிரில்லோவோ பாராளுமன்றத்துக்கு ஒருநாளும் போட்டியிடவில்லை. ‘காப்பாளர்’ என்ற பட்டத்தோடு, பதவியின்றி அதிகாரம் செலுத்தினார். விதூஷகனின் பொறுப்பின்மையும் அரசனின் ஆணையும் ஒருவரிடத்தே சேர்ந்த விந்தை அது. 2024 நவம்பரிலே, இயக்கத்தின் உறுப்பினர்கள் காப்பாளர் பதவியையே ஒழித்துவிடத் தீர்மானித்தனர். தீர்மானித்த முறை யாது? இணைய வாக்களிப்பு! மீண்டும் வாக்கெடுக்கவேண்டுமெனக் கிரில்லோ கேட்டார், டிசெம்பரில் மீண்டும் வாக்கெடுத்தனர், முடிவு மாறவில்லை. தாம் கட்டிய ஏணியினாலேயே அவர் இறக்கப்பட்டார்.

கதை மெய்யான கதை

மூன்றாமவரின் வரலாறு ஒரு நாடகாசிரியன் எழுதியிருந்தால் ‘நம்பத்தகாதது’ என்று நாமே ஒதுக்கியிருப்போம். 2015ஆம் ஆண்டிலே உக்ரேனியத் தொலைக்காட்சியில் ‘மக்களின் சேவகன்’ என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. அதன் நாயகன் ஒரு சரித்திர ஆசிரியர். நாட்டின் இலஞ்ச ஊழலைக் கண்டு வகுப்பறையில் அவர் கொதித்துப் பேசுவதை மாணவனொருவன் மறைவிற் படமெடுத்து இணையத்தில் இட்டுவிடுகிறான். அது காட்டுத்தீப்போற் பரவ, ஆசிரியர் ஜனாதிபதியாகிறார். அந்த ஆசிரியராக நடித்தவர் வொலோடிமிர் செலென்ஸ்கி.

2018 டிசெம்பர் 31ஆந் திகதி இரவு, ஜனாதிபதியின் புத்தாண்டுச் செய்தியை மக்கள் எதிர்பார்த்திருந்த வேளையிலே, தொலைக்காட்சியில் தோன்றித் தாம் போட்டியிடுவதாக அவர் அறிவித்தார். தொடரின் பெயரே கட்சியின் பெயராயிற்று. பத்திரிகையாளரைச் சந்திப்பதைக் குறைத்து, கைத்தொலைபேசியிற் பிடித்த சிறு படங்களாலே மக்களோடு பேசினார். 2019 ஏப்ரிலிலே நூற்றுக்கு 73 வீத வாக்குகளைப் பெற்றார். மக்கள் வாக்களித்தது நடிகருக்கா, அவர் நடித்த ஆசிரியருக்கா என்ற ஐயம் அன்று பலருக்கு எழுந்தது. ஐயத்துக்கு இடமுண்டு, தொடரிலே ஊழலை ஒழிக்க ஓர் ஆசிரியரின் நேர்மை போதுமாயிருந்தது, நாட்டிலோ அது போதவில்லை.

2022 பெப்ரவரி 24ஆந் திகதி ரஷ்யப் படைகள் உக்ரேனுட் புகுந்தன. ஜனாதிபதி ஓடிவிட்டார் என்ற வதந்தி பரவியது. மறுநாள் இரவு, கியேவ் நகர வீதியிலே தம் சகாக்களோடு நின்று, தாமெல்லாரும் இங்கேயே இருப்பதாகக் கூறும் சிறு படமொன்றைத் தம் கையாலேயே எடுத்து வெளியிட்டார். முன்பு வாக்குத் தேடிய அதே கருவி, அதே குரல், அதே எளிமை. ஆனால் இப்போது அந்தப் படத்துக்குப் பின்னால் எழுதிவைத்த வசனம் காக்க இயலாத ஓர் உடல் நின்றது. கேலிப்படத்தை மெய்யான சான்றாக்கியது அந்த உயிராபத்தே.

அதனால் அவர் விமரிசனத்துக்கு அப்பாற்பட்டவராகிவிடவில்லை. 2025 ஜூலையிலே, ஊழல் ஒழிப்பு நிறுவனங்களின் சுதந்திரத்தைக் குறைக்கும் சட்டமொன்றில் அவர் கையொப்பமிட்டார். போர்க்காலத்திலும் இளைஞர்கள் கடதாசிமட்டைகளில் ஏளன வாசகங்களை எழுதி ஏந்தி வீதிக்கு வந்தனர். பத்து நாளுக்குள் வேறொரு சட்டத்தினால் அச்சுதந்திரம் மீட்டளிக்கப்பட்டது. ஊழலைக் கேலி செய்து வந்தவர், ஊழல் பற்றிய கேலிக்குச் செவிசாய்க்க நேர்ந்தது.

எஞ்சும் வினா

இம்மூன்று வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஓருண்மை தெளிவாகும். சிரிப்பு இடிக்கும் கருவியேயன்றிக் கட்டும் கருவியன்று. பொய்யை ஒரு பகிடி அரை நிமிடத்தில் அம்பலப்படுத்தும். ஆனால் கடன்பட்ட மின்நிலையத்தை மீட்கவோ, கூட்டாட்சி நடத்தவோ, எல்லையைக் காக்கவோ எந்தப் பகிடியாலும் இயலாது. ஞார் இதனை உணர்ந்து தொழிலை மாற்றினார். செலென்ஸ்கிக்கு வரலாறு இதனைத் தீயிலிட்டு உணர்த்தியது. கிரில்லோ உணர மறுத்து இரண்டையும் வைத்திருக்க முயன்றார், இரண்டையும் இழந்தார்.

இணையத்தைப் பழிப்பது இலகு. ஆயினும், கிரில்லோவுக்குக் கதவைச் சாத்தியது இணையமன்று. அக்காலத்து ஒழுங்கான, மரியாதையான, அதிகாரிகள் நடத்திய தொலைக்காட்சிதான். ஐஸ்லாந்தின் வங்கிகளைக் கவிழ்த்தவரும் கழுத்துப்பட்டி அணிந்த கனவான்களே. நேர்மையாகப் பேசவேண்டியவர் பேசாதபோதுதான் மக்கள் கோமாளியின் வாயைப் பார்க்கின்றனர். கோமாளி சிம்மாசனம் ஏறுவது அவனுடைய ஆசையைக் காட்டிலும் அரசனுடைய தகுதியின்மையையே பெரிதும் உணர்த்தும்.

நம் மாணவர்கள் அரசியலைப் பத்திரிகைத் தலையங்கத்தில் அறிவதைவிடக் கைத்தொலைபேசியில் வரும் கேலிப்படங்களில் அறிவதே மிகுதி. அதைக் கண்டு ஆசிரியர் சலிப்புறுவதிற் பயனில்லை. ‘இக்கேலி எதை இடிக்கிறது? இடித்த இடத்தில் எதை வைக்கச் சொல்கிறது?’ என்ற இரு வினாக்களைக் கேட்கப் பழக்கினாற் போதும். முதலாவதற்கு விடையிருந்து இரண்டாவதற்கு இல்லையாயின், அது நல்ல கேலியாயிருக்கலாம், வாக்களிப்பதற்குக் காரணமாகாது.

சிம்மாசனத்தில் விதூஷகன் அமர்வதால் நாடு கெட்டுவிடுவதில்லை என்பதற்கு ரேக்யவிக் சான்று. ஆனால் அவன் எழுந்துவந்த ஆசனம் வெறுமையாகக் கிடக்கக்கூடாது. அங்கே இன்னொருவன் வந்தமர்ந்து, புதிய அரசனைப் பார்த்தும் அச்சமின்றி நகைக்கவேண்டும். கியேவ் நகரத்து இளைஞர் கடதாசிமட்டையை ஏந்திக்கொண்டு நிரப்பியது அந்த ஆசனத்தைத்தான்.