எந்த வரிக்குச் சம்மதம்?

ஆக்ட்ராய் என்ற நகர நுழைவு வரியை ஒழிக்கச் சொன்னார்கள். அதற்கு மாற்றாக வந்த வரியையும் ஒழிக்கச் சொன்னார்கள். வணிகர் சங்கங்களின் வரிக்கொள்கை எங்கே இடறுகிறது?

2017 ஜூலை 1. ஜிஎஸ்டி அமலுக்கு வந்த அன்று மும்பை எல்லையில் முலுண்ட், தஹிசர், மான்குர்த், ஐரோலி நாக்காக்களில் (சோதனைச் சாவடிகளில்) லாரிகளை நிறுத்தி ஆக்ட்ராய் வசூலிக்கும் வேலை முடிவுக்கு வந்தது. ஆண்டுக்குச் சுமார் 7,000 கோடி ரூபாய் ஈட்டித் தந்த வரி அது. மாநகராட்சியின் மிகப் பெரிய வருவாயே அதுதான். சில நாட்களில் மாநில நிதியமைச்சர் சுதீர் முங்கண்டிவார் 647 கோடி ரூபாய்க்கான காசோலையை மேயரிடம் நேரில் கொடுத்தார். முதல் மாதத்துக்கான இழப்பீடு. நாட்டிலேயே பணக்கார மாநகராட்சி என்று பெயரெடுத்த மும்பை, மாதம் பிறந்தால் மாநில அரசின் கையைப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஜிஎஸ்டி தில்லியில் முடிவானது. ஆனால் மகாராஷ்டிரத்தின் மற்ற நகரங்கள் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே தங்கள் சொந்த வரியைப் பறிகொடுக்கத் தொடங்கியிருந்தன. அந்தக் கதையில் வணிகர் சங்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

நாக்காவும் நோட்டும்

நகர எல்லைக்குள் விற்பனைக்கோ பயன்பாட்டுக்கோ வரும் சரக்கின் மீது விதிக்கப்படுவது ஆக்ட்ராய். அதன் மீது வணிகர்கள் வைத்த குற்றச்சாட்டுகள் நியாயமானவை. லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. டீசல் வீணானது. சரக்கின் மதிப்பை நாக்கா ஊழியர் நிர்ணயிக்கும் இடத்தில் லஞ்சம் புகுந்தது. குஜராத் 2007-ல் தன் மாநகராட்சிகளில் ஆக்ட்ராயை எடுத்துவிட்ட பிறகு, மகாராஷ்டிர வியாபாரிகளின் கோரிக்கைக்கு வலு கூடியது.

அரசு கண்டுபிடித்த மாற்று, உள்ளாட்சி வரி. எல்பிடி என்று சுருக்கமாக அழைக்கப்பட்டது. சில சிறிய மாநகராட்சிகளில் முதலில் வந்து, 2013 ஏப்ரலில் புனே, தாணே, நாக்பூர் போன்ற பெரிய நகரங்களையும் எட்டியது. இதில் நாக்கா கிடையாது, வரிசை கிடையாது. வெளியூரிலிருந்து என்ன வாங்கினோம் என்று வியாபாரி தன் கொள்முதல் கணக்கில் எழுதி, தானே கணக்கிட்டு, மாதந்தோறும் வரியைக் கட்டிவிட வேண்டும்.

கேட்டது கிடைத்துவிட்டது என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் அந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் மகாராஷ்டிரச் சந்தைகளில் ஷட்டர்கள் இறங்கின. மொத்த வியாபாரிகள், சில்லறைக் கடைக்காரர்கள், நகைக்கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து நின்றார்கள். முதல்வர் பிருத்விராஜ் சவாணுடன் பேச்சுவார்த்தைகள் நடந்தன. 2013 அக்டோபரில் மும்பைக்கும் எல்பிடி வருவதாக இருந்தது. வரவே இல்லை.

சங்கங்கள் சொன்ன காரணம், ‘இன்ஸ்பெக்டர் ராஜ்’. ஏற்கெனவே வாட் என்ற மதிப்புக் கூட்டு வரிக்கு மாநில விற்பனை வரித் துறையிடம் கணக்குக் காட்டுகிறோம்; இனி மாநகராட்சி ஆளும் கடைக்குள் வந்து நோட்டைப் புரட்டுவாரா என்று கேட்டார்கள். அதற்கு அவர்கள் முன்வைத்த தீர்வு, உள்ளாட்சிக்கு வேண்டிய பணத்தை வாட்டோடு சேர்த்து மாநில அரசே வசூலித்துப் பிரித்துக் கொடுக்கட்டும் என்பது.

இந்த யோசனையில் இருந்த ஓட்டையை யாரும் பெரிதாகப் பேசவில்லை. வாட் மாநிலம் முழுவதற்கும் பொதுவானது. அதை உயர்த்தினால் விதர்பாவின் ஒரு கிராமத்தில் பொருள் வாங்குகிறவரும் புனேயின் சாக்கடைக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். தவிர, வரி விதிக்கும் அதிகாரம் கைவிட்டுப் போன நகரம், 74-வது அரசியல் சட்டத் திருத்தம் சொல்லும் தன்னாட்சியை எதை வைத்து நடத்தும்?

வென்றது யார்?

2014 சட்டமன்றத் தேர்தலில் எல்பிடி ரத்து பாஜகவின் வாக்குறுதிகளில் ஒன்று. தேவேந்திர பட்னவிஸ் அரசு 2015 ஆகஸ்ட் 1 முதல் அதை நிறைவேற்றியது. ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாய்க்குக் கீழ் உள்ள எல்லாருக்கும் 25 மாநகராட்சிகளில் விலக்கு. இழப்பை மாநிலக் கருவூலம் ஈடு செய்தது. மிகப் பெரிய நிறுவனங்கள் மட்டும் 2017 வரை கட்டிக்கொண்டிருந்தன.

சங்கங்களின் இந்த நிலைப்பாட்டைத் தடுமாற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆக்ட்ராய் எதிர்ப்பு, எல்பிடி எதிர்ப்பு, வாட்டோடு சேர்க்கச் சொன்னது ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உள்ளே ஓர் ஒழுங்கு தெரியும். பில்லில் சேர்த்து வாடிக்கையாளர் தலையில் இறக்கக்கூடிய வரியோடு வியாபாரி ஒத்துப்போகிறார். கடையின் உண்மையான கொள்முதலைப் பக்கத்துத் தெரு அதிகாரிக்குக் காட்டிக்கொடுக்கும் வரியைத்தான் அவரால் ஏற்க முடிவதில்லை. வரியின் அளவைவிட, வாங்குகிறவர் எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பதே அவரை உறுத்துகிறது. உள்ளாட்சிக்கு அந்த அருகாமைதான் பலம். அதை இழந்த நகரம், சாலை போடவும் குப்பை அள்ளவும் மாநில அரசின் தயவை எதிர்பார்க்க வேண்டியதுதான்.

இங்கே சொத்து வரி

தமிழ்நாட்டில் இதே இழுபறி சொத்து வரியில் நடக்கிறது. சென்னையில் 1998-க்குப் பிறகு 2018 வரை பொதுச் சீராய்வே இல்லை. 2018-ல் அதிமுக அரசு உயர்த்தியது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019-ல் அதே அரசு நிறுத்தி வைத்தது. 2022 ஏப்ரலில் திமுக அரசு மீண்டும் கையில் எடுத்தபோது சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் வணிகக் கட்டடங்களுக்கு 150 சதவீதம், தொழிற்சாலைகளுக்கு 100 சதவீதம் என்று உயர்வு வந்தது. உள்ளாட்சி மானியத்துக்கு 15-வது நிதிக்குழு விதித்த நிபந்தனைகளை அரசு காரணம் காட்டியது.

ஒரேயடியாக இவ்வளவா என்ற வணிகர்களின் கொதிப்பில் தவறில்லை. எந்தக் கடைக்காரரும் தன் கட்டடத்தின் வரி ஒரே ஆண்டில் இரண்டரை மடங்காகும் என்று திட்டமிட்டுத் தொழில் செய்வதில்லை. ஆனால் கால் நூற்றாண்டாக விட்டுவைத்த உயர்வு ஒருநாள் இப்படித்தான் மொத்தமாக வந்து இறங்கும். அதைத் தவிர்க்க ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதுதான் வழி. அந்த வழியில் 6 சதவீத ஆண்டு உயர்வு வந்தபோது அதையும் ரத்து செய்யக் கோரி கோவை, திருப்பூர் உள்ளிட்ட ஊர்களின் வணிக, தொழில் அமைப்புகள் குரல் எழுப்பின. மொத்தமாகவும் கூடாது, சிறுகச் சிறுகவும் கூடாது என்றால் மிஞ்சுவது என்ன?

இன்னொரு முரணும் உண்டு. கடை வாசலில் தள்ளுவண்டி நின்றால் சங்கம் மாநகராட்சிக்கு எழுதும் மனுவில் தவறாமல் இருக்கும் வாசகம், ‘நாங்கள் வரி கட்டுகிறோம்’ என்பது. ஆன்லைன் நிறுவனங்களுக்கு எதிரான மனுவிலும் அதே பெருமை. நடைபாதை வியாபாரிக்கு முன்னால் வரி ஒரு தகுதிச் சான்று. ஆணையருக்கு முன்னால் அதுவே அநியாயச் சுமை.

சங்கத்துக்குள் யார்?

இந்த முரண்களுக்குச் சங்கங்களின் அமைப்பும் ஒரு காரணம். சொந்தக் கட்டடத்தில் ஜவுளி மாளிகை நடத்துகிறவரும், பத்துக்குப் பத்து அறையில் செல்போன் பழுது பார்க்கிறவரும் ஒரே சங்கத்தில் சந்தா கட்டுகிறார்கள். சொத்து வரி ஏறினால் முதலாமவர் நேரடியாகக் கட்டுவார். இரண்டாமவருக்கு அது வாடகை உயர்வாக, ரசீதில்லாமல் வந்து சேரும். குப்பைக் கட்டணம், தொழில் வரி, உரிமக் கட்டணம் ஒவ்வொன்றிலும் நலன்கள் இப்படி மோதுகின்றன. எந்த வரி யாருக்கு எவ்வளவு என்று பேசத் தொடங்கினால் சங்கம் பிளக்கும். எல்லாரையும் ஒரே மேடையில் ஏற்ற எளிய கோரிக்கை ‘ரத்து செய்’ என்பதுதான்.

மாநகராட்சிகளும் இதற்கு இடம் கொடுக்கின்றன. பெரிய பாக்கிதாரர்களை விட்டுவிட்டு, ஒழுங்காகக் கட்டுகிறவரிடமே மேலும் கேட்பது எளிது. ஒரு கடைத்தெருவிலிருந்து எவ்வளவு வந்தது, அந்தத் தெருவுக்கு எவ்வளவு போனது என்று எந்த வணிகருக்கும் சொல்லப்படுவதில்லை. கழிப்பறை இல்லாத சந்தையில் வரி நோட்டீஸ் மட்டும் தவறாமல் வந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

அந்தக் கோபத்தைப் பேரமாக மாற்றும் வாய்ப்பு சங்கங்களிடம்தான் இருக்கிறது. ஆண்டு உயர்வை ஏற்கிறோம். பதிலுக்குப் பாக்கிப் பட்டியலை வெளியிடுங்கள், வார்டுவாரியாகச் செலவைக் காட்டுங்கள், வாடகைக் கடைக்காரரின் சுமைக்கு வரம்பு வையுங்கள் என்று பட்ஜெட்டுக்கு முன்பே எழுதிக் கொடுக்கலாம். கடையடைப்பை அமைச்சர்கள் ஒரு தற்காலிக நிறுத்திவைப்பில் சமாளித்துவிடுவார்கள். வரியைக் கட்டிவிட்டுக் கணக்குக் கேட்கும் சங்கத்துக்கு அவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.