ஏழாம் பார்வை: ஜாதகத்தில் நேரெதிர் நிற்கும் கிரகங்கள்

ஒரு கிரகம் நிற்கும் ராசியை ஒன்று என்று வைத்து எண்ணினால் ஏழாவதாக வருவது அதன் நேரெதிர் ராசி. மேஷத்துக்குத் துலாம், ரிஷபத்துக்கு விருச்சிகம், மிதுனத்துக்குத் தனுசு, கடகத்துக்கு மகரம், சிம்மத்துக்குக் கும்பம், கன்னிக்கு மீனம். இப்படி எதிரும் புதிருமாக அமைந்த இரு ராசிகளில் இரண்டு கிரகங்கள் இருந்தால், அவை சமசப்தமமாக நிற்கின்றன என்பார்கள். ஒன்றையொன்று ஏழாம் பார்வையாகப் பார்க்கின்றன என்றும் சொல்வார்கள். ராசி மண்டலம் 360 பாகை, ஒரு ராசி 30 பாகை. ஆக, எதிர் ராசி என்பது அரை வட்டத் தொலைவு, 180 பாகை.

தென்னிந்தியக் கட்டம் சதுரமாக இருப்பதால் புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவதுண்டு. மேல் வரிசையில் இருக்கும் மேஷத்திலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கினால் விருச்சிகத்துக்குத்தான் போய்ச் சேரலாம். அது எட்டாம் ராசி. எதிர் ராசியைப் பிடிக்க, கட்டத்தின் நடுப்புள்ளி வழியாகக் கோடு போட வேண்டும். அப்போதுதான் மேஷத்திலிருந்து துலாத்துக்கும், வலப்பக்கத்துக் கடகத்திலிருந்து இடப்பக்கத்து மகரத்துக்கும் சரியாகப் போகலாம்.

ராசிக் கணக்கும் பாகைக் கணக்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. மேஷத்தில் 1 பாகையில் ஒரு கிரகம், துலாத்தில் 29 பாகையில் இன்னொன்று என்றால், ராசிப்படி இரண்டும் சமசப்தமம்; ஆனால் நேரெதிர்ப் புள்ளியிலிருந்து 28 பாகை விலகியிருக்கின்றன. மேஷத்தில் 29, விருச்சிகத்தில் 1 என்றால் நிலைமை தலைகீழ். இடைவெளி 182 பாகை, வானத்தில் ஏறக்குறைய நேரெதிர். ராசிப்படியோ இது ஆறுக்கு எட்டு, சஷ்டாஷ்டகம். நம் ஊர் ஜோதிடர்கள் பெரும்பாலும் ராசியைக் கொண்டே சொல்கிறார்கள். மேல்நாட்டு முறையில் பாகைதான் முக்கியம். 180 பாகைக்கு இரு புறமும் சுமார் 8 பாகை வரை விலகலை ஏற்பார்கள். மேல்நாட்டு ராசிச் சக்கரமும் நம்முடையதும் அயனாம்சத்தால் இன்று சுமார் 24 பாகை வேறுபடுகின்றன. ஆனாலும் இரு கிரகங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அந்த வேறுபாடு தொடுவதில்லை. எந்த முறையில் கணித்தாலும் 180 பாகை 180 பாகைதான்.

வானத்தில் எல்லோருக்கும் தெரிந்த சமசப்தமம் பௌர்ணமி. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே ஒவ்வொரு 12 பாகை கூடும்போதும் ஒரு திதி கழிகிறது. 168 பாகையில் தொடங்கும் பௌர்ணமித் திதி, 180 பாகை நிறையும் கணத்தில் முடிகிறது. தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, திருக்கார்த்திகை எல்லாமே சூரியனும் சந்திரனும் எதிரெதிரே வரும் நாளையொட்டி அமைந்தவைதான். தை மாதம் சூரியன் மகரத்தில் இருப்பதால் முழுநிலவு கடகத்தில், பூச நட்சத்திரத்தை ஒட்டி வருகிறது. கார்த்திகையில் சூரியன் விருச்சிகத்தில். சந்திரன் தன் உச்ச ராசியான ரிஷபத்தில். வைகாசிப் பௌர்ணமி இதற்கு மறுதலை: சந்திரன் நிற்பது நீச ராசியான விருச்சிகத்தில், ஆனால் ஒளியோ முழுமை. அன்று பிறந்தவரின் ஜாதகத்தில் சந்திரனை நீசம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர் பாதி ஜாதகத்தைத்தான் பார்க்கிறார் என்று சொல்ல வேண்டும். பௌர்ணமிச் சந்திரனுக்குப் பட்சபலம், அதாவது பிறையின் நிலையால் வரும் வலிமை, மிகுதி என்பது ஜோதிட நூல்களே ஒப்புக்கொண்ட விதி.

சூரியனுக்கு எதிரே புதனோ சுக்கிரனோ ஒருபோதும் வரமாட்டா. இவை பூமியை விடச் சூரியனுக்கு அருகே சுற்றுகின்றன. பூமியிலிருந்து பார்க்கையில் புதன் சூரியனிலிருந்து சுமார் 28 பாகைக்கு மேலும், சுக்கிரன் சுமார் 47 பாகைக்கு மேலும் விலகுவதில்லை. ஆகவே புதனும் சுக்கிரனும் ஒன்றுக்கொன்று எதிரே நிற்கவும் வழியில்லை. செவ்வாய், குரு, சனி மூன்றும் பூமிக்கு வெளியே சுற்றுவதால் சூரியனுக்கு எதிரே வரும். அப்போது பூமி சூரியனுக்கும் அந்தக் கிரகத்துக்கும் நடுவே இருக்கும். கிரகம் பூமிக்கு மிக நெருங்கி, மாலையில் உதித்து, இரவு முழுக்கப் பளிச்சென்று தெரியும். 2003 ஆகஸ்டில் செவ்வாய் அப்படி எதிரே வந்தபோது பூமியிலிருந்து சுமார் 5 கோடியே 58 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தது. சூரியனுக்கு எதிரே குரு சுமார் 399 நாளுக்கு ஒரு முறையும், சனி சுமார் 378 நாளுக்கு ஒரு முறையும், செவ்வாய் ஏறக்குறைய 780 நாளுக்கு ஒரு முறையும் வருகின்றன.

வேகமாகச் சுற்றும் பூமி இவற்றை முந்திச் செல்லும் நேரமும் இதுவே. அதனால் கிரகம் பின்னோக்கி நகர்வதுபோலத் தோன்றும். ஜோதிடத்தில் அது வக்கிரம். சூரியன் நிற்கும் ராசிக்கு ஏழில் குருவோ சனியோ இருந்தால் கட்டாயம் வக்கிரமாகத்தான் இருக்கும். கையில் உள்ள ஜாதகம் சரியாகக் கணிக்கப்பட்டதா என்று பார்க்க இது எளிய சோதனை. சூரியனுக்கு எதிரே சனி இருந்தும் கிரக நிலையில் வக்கிரம் குறிக்கப்படவில்லை என்றாலோ, சூரியனுக்கு ஏழில் புதன் உட்கார்ந்திருந்தாலோ, பலன் கேட்பதற்கு முன் கணித்தவரைக் கேட்பது நல்லது.

இதுவரை சொன்னது வானியல். பலன் என்பது நம்பிக்கையின் பக்கம். 1985இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வெளியான ஷான் கார்ல்சனின் ஆய்வில், ஜாதகங்களையும் அவற்றுக்கு உரியவர்களின் குண விவரக் குறிப்புகளையும் பொருத்திக் காட்டும்படி மேல்நாட்டு ஜோதிடர்களிடம் கொடுத்தபோது, குருட்டாம்போக்கில் எடுத்தால் கிடைக்கும் அளவுக்குத்தான் அவர்கள் சரியாகச் சொன்னார்கள். அடுத்து வருவனவற்றை ஜோதிடத்தின் உள் விதிகளாகவே கொள்ள வேண்டும்.

எல்லாக் கிரகங்களுக்கும் ஏழாம் பார்வை முழுப் பார்வை என்பது வராகமிகிரரின் ‘பிருகத் ஜாதகம்’ முதலிய நூல்களின் விதி. செவ்வாய்க்கு 4, 8, குருவுக்கு 5, 9, சனிக்கு 3, 10 ஆகிய இடங்கள் கூடுதலான சிறப்புப் பார்வைகள். அவற்றில் பார்ப்பது ஒரு கிரகம், பார்க்கப்படுவது வேறொன்று. ஏழில்தான் பார்வை எப்போதும் இருபுறமும் செல்கிறது: இருவரும் கொடுக்கிறார்கள், இருவரும் வாங்குகிறார்கள். எதிரே நிற்பதாலேயே பகை என்று இந்திய ஜோதிடம் சொல்வதில்லை. கிரேக்க வழியில்தான், இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமியின் காலத்திலிருந்தே, எதிர் நிலை இணக்கமற்றதாகக் கொள்ளப்பட்டது. இங்கே பலனைத் தீர்மானிப்பது எந்தக் கிரகத்தை எந்தக் கிரகம் பார்க்கிறது என்பதே.

உச்ச ராசிகளைப் பார்த்தால் இது தெளிவாகும். எதிரெதிரே அமைந்த உச்ச ராசிகள் மூன்று ஜோடி. சூரியனுக்கு உச்சம் மேஷம், சனிக்குத் துலாம். குருவுக்குக் கடகம், செவ்வாய்க்கு மகரம். சுக்கிரனுக்கு மீனம், புதனுக்குக் கன்னி. மூன்றாவது ஜோடி ஏட்டில் மட்டுமே உண்டு. புதனும் சுக்கிரனும் எதிரெதிரே வர முடியாது என்பதால் வானம் அதை நடத்திக் காட்டாது. மற்ற இரண்டும் நடக்கும், ஆனால் பலன் ஒன்றல்ல. குருவும் செவ்வாயும் நட்புக் கிரகங்கள் என்பதால் அவற்றின் எதிர் நிலையைக் குருமங்கள யோகம் என்று கொண்டாடுவார்கள். சூரியனும் சனியும் பகை. 2012, 2013, 2014 ஆண்டுகளின் சித்திரையில் பிறந்த குழந்தைகளுக்குச் சூரியன் மேஷத்தில், சனி துலாத்தில், இரண்டும் உச்சம். வலிமையான இருவர் விட்டுக்கொடுக்காமல் நிற்பதாகக் கருதி, தந்தை மகன் உறவிலும் அதிகாரத்தில் இருப்பவர்களோடும் உரசல் வரும் என்று பலன் சொல்வது வழக்கம்.

சந்திரனுக்கு ஏழில் குரு நின்றால் கஜகேசரி யோகம், செவ்வாய் நின்றால் சந்திரமங்கள யோகம், சனி நின்றால் திருமணத்தைத் தாமதப்படுத்தும் புனர்பூ தோஷம். மூன்றிலும் எதிர் நிலை ஒன்றே, பெயரும் பலனும் வேறு. கஜகேசரி, குரு சந்திரனுக்கு 1, 4, 7, 10 ஆகிய எந்த இடத்தில் இருந்தாலும் உண்டு. பன்னிரண்டில் நான்கு இடம் என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கும்; இதை அபூர்வ யோகம் என்று சொல்பவர்கள் கூட்டிக் கழித்துப் பார்க்காதவர்கள்.

ராகுவும் கேதுவும் எல்லா ஜாதகத்திலும் நேரெதிரேதான் இருக்கும். அவை சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். அதனால் அந்த எதிர் நிலைக்கென்று தனிப் பலன் இல்லை. எந்த வீடுகளில், யாருடன் என்பதே கேள்வி. மெதுவாக நகரும் கிரகங்களுக்கும் இதே கவனம் தேவை. குருவும் சனியும் சுமார் 20 ஆண்டுக்கு ஒரு முறை எதிரெதிரே வரும். 2010 மே முதல் 2011 மே வரையிலான காலத்தின் பெரும்பகுதியில் குரு மீனத்திலும் சனி கன்னியிலும் இருந்தன. அப்போது பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பார்வை பொது. லக்னத்தைப் பொறுத்து அந்தக் கிரகங்கள் எந்த வீடுகளுக்கு அதிபதி, யாருடைய தசை, யாருடைய புக்தி நடக்கிறது என்பவைதான் ஒரு குழந்தையின் பலனை இன்னொன்றிலிருந்து பிரிக்கும்.

திருமணப் பொருத்தத்தில் ஏழாம் ராசிக்கு நல்ல பெயர். பெண்ணின் ராசிக்கு ஏழாவதாகப் பிள்ளையின் ராசி வந்தால் ராசிப் பொருத்தம் உண்டு என்பார்கள். ஆறுக்கு எட்டைத்தான் ஒதுக்குவார்கள். சமசப்தமத்திலும் கடகம்–மகரம், சிம்மம்–கும்பம் ஆகிய இரண்டு ஜோடிகளைச் சிலர் விலக்குகிறார்கள். கடகத்தின் அதிபதி சந்திரன், சிம்மத்தின் அதிபதி சூரியன். எதிரே உள்ள இரண்டு ராசிகளுக்கும் அதிபதி சனி. அதனால் அங்கே ராசி பொருந்தினாலும் ராசியாதிபதிகள் பொருந்தவில்லை என்பது அவர்கள் கணக்கு.